பரியின் மூட்டுத் தொற்றும் நாணுறைத் தொற்றும்

முன்னுரை

பரி, புரவி, இவுளி, மா, பாய்மா எனக் குதிரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. தொல்காப்பிய மரபியல் அதன் பெண்பாலுக்குப் பெட்டை என்னும் பெயரை உரிமையாக்கும். பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்து வளங்களுள் முதற்கண் வைத்து எண்ணும். இங்ஙனம் குதிரையின் செலவையும் தோற்றத்தையும் விரித்துப் பாடிய மொழியில், அதன் கால் நோயுற்றவிடத்து யாது செய்தல் வேண்டும் என்பதனை இக்கால அறிவோடு எடுத்துரைக்கும் உரைநடை மிகுதியாக வளர்ந்திலது.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரைகளை வாங்கினர் என்றும், அவற்றைப் பேணும் முறை அறிந்தார் இன்மையின் பெரும்பாலன ஓராண்டு முடியுமுன் மாண்டன என்றும் எழுதியுள்ளார். அவர் எந்நோயின் பெயரையும் ஆண்டுக் குறித்திலர். ஆதலின் யாம் அக்கூற்றினை இந்நோய்க்குச் சான்றாகக் கொள்ளவில்லை. பேணும் அறிவு இன்மையால் விலையுயர்ந்த விலங்கு மாளும் என்னும் பொதுவுண்மைக்கே அதனைக் காட்டுகின்றோம்.

அவ்வுண்மை மிக நன்கு விளங்கும் இடம் ஒன்று உண்டு. அஃது ஈண்டு யாம் ஆராயப் புகும் நோய்: குதிரையின் மூட்டினுள்ளும், தசைநாணை மூடிய உறையினுள்ளும் நுண்ணுயிர் புகுந்து விளைக்கும் கேடு. இந்நோய் வந்தபின் மருத்துவர்க்கு வாய்க்கும் காலம் மிகச் சிறிது. அச்சிறு காலத்தை இழப்பதற்குப் பொருளின்மை ஒன்றே காரணம் அன்று. நோயைச் சுட்டும் சொல் தெளிவற்றிருத்தலும் ஒரு காரணம். ஆகலின் நோயின் இயல்பையும், தீர்க்கும் முறையையும், அவற்றை உரைக்கும் தமிழ்ச் சொற்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோம்.

1. உறுப்பும் பெயரும்

இரண்டு எலும்புகள் கூடி அசையும் இடம் மூட்டு. கூடும் முனைகள் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்து ஒரு பையும், அப்பையின் உட்புறத்தே மெல்லிய ஒரு சவ்வும் உண்டு. அச்சவ்வு பசுமஞ்சள் நிறமும் தெளிவும் பசைத்தன்மையும் உடைய ஒருவகை நீரைச் சுரக்கும். இந்நீர் எலும்பு முனைகள் உராயாது வழுக்கிச் செல்ல உதவுவதோடு, குருதிக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்கு உணவாகவும் அமைகின்றது.

மேலைநாட்டில் இந்நீருக்குச் சைனோவியா எனப் பெயரிட்டவர் 16 ஆம் நூற்றாண்டினராகிய பாராசெல்சசு என்பர். முட்டையின் வெண்கருவை ஒத்தது என்னும் கருத்துப்பட அச்சொல்லுக்கு விளக்கம் கூறுதல் வழக்கம். நம் சித்த மருத்துவமோ ஐயத்தை ஐந்தாகப் பகுத்து, மூட்டுகளில் நின்று அவற்றை இயக்க உதவும் கூற்றினைச் சந்திகம் என்றது. இருவேறு மரபினரும் மூட்டின்கண் நெய்ப்புடைய பொருள் ஒன்று உண்டு என்பதனைக் கண்டுள்ளனர்.

இதனைத் தமிழில் மூட்டுநீர் என்று வழங்கலாமோ எனின், ஆண்டு ஓர் இடர் உண்டு. மூட்டில் நீர் கோத்துக்கொண்டது என்பது உலக வழக்கு. அவ்வழக்கில் நீர் என்பது நோயையே குறிக்கும். இயல்பான நீரையும் நோய்நீரையும் ஒரு சொல்லால் குறித்தல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. வண்டியின் அச்சுக்கு இடுவதனை உயவுநெய் என்பதுண்டு. அதனை ஒட்டி உயவுநீர் என்னும் சொல்லை யாம் ஈண்டு ஆள்கின்றோம். உயவு என்பதற்கு வருத்தம் என்னும் பழம்பொருளும் உண்டெனினும், இடம் நோக்கிப் பொருள் தெளியப்படும். உயவுநீரைச் சுரப்பது உயவுச்சவ்வு. அச்சவ்வு சூழ்ந்த உள்ளிடம் உயவறை.

இனித் தசைநாண் என்பது தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டு செல்லும் வலிய கயிறு. வில்லின் நாணைப் போல் இறுகி நின்று விசையைத் தாங்குதலின் அப்பெயர் மிகப் பொருத்தமுடையது. நாண் வளைந்து உராயும் இடங்களில் அதனைச் சுற்றி ஓர் உறை அமைந்து, அதனுள்ளும் உயவுநீர் நிற்கும். அதுவே நாணுறை. எலும்பின் மீது நாண் அழுந்திச் செல்லும் சில இடங்களில் உறைக்கு மாறாகச் சிறு பை ஒன்று அமையும். அதனை உயவுப்பை என்போம். மூட்டு, நாணுறை, உயவுப்பை ஆகிய மூன்றும் உயவறை உடையன. மூன்றற்கும் வரும் தொற்றும், அதன் மருத்துவமும் பெரும்பாலும் ஒன்றே.

குதிரையின் காலமைப்பை நோக்கின் இந்நோயின் கொடுமை விளங்கும். சற்றேறக்குறைய 500 கிலோகிராம் எடையுள்ள அவ்விலங்கு ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியில் நிற்கின்றது. அவ்வெடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. முன்னங்காலின் முழந்தாளுக்குக் கீழே தசைத்திரள் இல்லை. தோல், நாண், பிணையம், எலும்பு என்பனவே உள. தோலைக் கிழித்த முள்ளோ கம்பியோ விரலளவு ஆழம் செல்லுமுன் உயவறையைத் தொட்டுவிடும். கணு மூட்டின் பின்புறத்தே சற்று மேலே தொடங்கிக் குளம்பை அணுகும் வரை நீளும் நாணுறை இவ்வகையில் அடிக்கடி காயமுறுவது. குளம்பினுள்ளேயோ, படகு வடிவினதாகிய சிற்றெலும்பு ஒன்றற்கும் ஆழ்நாணுக்கும் இடையே ஓர் உயவுப்பை உண்டு. குளம்பின் அடியில் ஏறிய ஆணி அப்பையைத் துளைத்தல் கூடும்.

2. தொற்றுப் புகும் வழிகள்

தொற்றுப் புகும் வழிகள் மூன்று. ஒன்று, வெளிக்காயம், வளர்ந்த குதிரைகளுக்குப் பெரும்பாலும் இதுவே வழி. இரண்டு, மூட்டினுள் ஊசி வழியாக மருந்து செலுத்தும்போதோ அறுவை செய்யும்போதோ நுண்ணுயிர் உட்செல்லுதல். மூன்று, உடலின் வேறோர் இடத்திலிருந்து குருதி வழியாக வந்து தங்குதல். இது பிறந்த குட்டிகளிடத்தே மிகுதி.

வழிக்கேற்ப நுண்ணுயிரின் வகையும் வேறுபடும். வெளிக்காயத்தின் வழிப் பலவகை நுண்ணுயிர் கலந்து புகும். ஊசியின் வழியும் அறுவையின் வழியும் வருவது பெரும்பாலும் தோலில் வாழும் சுடாபிலோகாக்கசு இனம். குட்டிகளில் எசரிச்சியா கோலை முதலிய குடல்வாழ் இனங்கள் மிகுதியாகக் காணப்படும். மருத்துவர் முதல் மருந்தைத் தேர்வதற்கு இவ்வேறுபாடு துணை செய்யும்.

வெளிக்காயத்தைப் பற்றி ஒரு நுட்பம் அறியத்தக்கது. காயம் பட்ட நொடியில் கால் மடங்கியிருக்கலாம். பின்னர் குதிரை நேரே நிற்கும்போது தோலில் உள்ள துளையும் மூட்டுப்பையில் உள்ள துளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தா. அதனால் வெளித்துளையில் கருவியிட்டுப் பார்த்து, உள்ளே வழியில்லை என்று முடிவு செய்தல் பிழையாகும்.

3. கேடு விளையுமாறு

உயவறையுள் மாசு புகுதல் வேறு. தொற்று நிலைபெறுதல் வேறு. முதற்கண் நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து நிற்கும். பின்னர் அவை சவ்விலும் குருத்தெலும்பிலும் ஒட்டிப் பெருகித் தம்மைச் சுற்றி ஒருவகைப் பசைப்படலத்தை அமைத்துக்கொள்ளும். அப்படலத்துள் நிற்பனவற்றை மருந்து எளிதில் அணுகாது. மாசு தொற்றாக மாறுமுன் கழுவுதலும், மாறியபின் கழுவுதலும் ஒரே பயன் தாரா.

நுண்ணுயிரை எதிர்க்க உடல் வெள்ளணுக்களைப் பெருந்தொகையாக அனுப்பும். அவ்வணுக்கள் சிதையும்போது வெளிப்படும் நொதிகள் நுண்ணுயிரை மட்டுமன்றிக் குருத்தெலும்பையும் அரிக்கும். குருதியிலிருந்து கசியும் பைபிரின் என்னும் பொருள் உறைந்து கட்டிகளாகி நுண்ணுயிர்க்கு மறைவிடமாகும். காக்க வந்த படையே நாட்டைச் சூறையாடுதல் போன்றது இது. குருத்தெலும்பு அழிந்தால் முன்போல் மீள வளராது என்பதனை 1743-ஆம் ஆண்டிலேயே வில்லியம் அண்டர் என்னும் உடற்கூற்றறிஞர் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இன்றும் அவ்வுண்மை மாறவில்லை.

நாணுறையில் கேடு வேறு வகையால் முடியும். உறையும் நாணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாண் வழுக்கி ஓட வேண்டிய இடத்தில் ஓடாது இழுபடும். கணு மூட்டின் பின்புறத்தே நாணைச் சுற்றி நிற்கும் வளையப் பிணையம் வீங்கிய நாணை நெருக்கும். நோய் முற்றின் நாண் நார்நாராகப் பிரிந்து அறுதலும் உண்டு. நாண் அற்ற குதிரை நிற்றற்கும் இயலாது.

4. அறிகுறியும் தேர்வும்

காலைத் தரையில் ஊன்ற இயலாத கடு நொண்டல், மூட்டு வீக்கம், வெப்பம், தொட்டால் பொறாத நோவு ஆகியன இந்நோயின் அறிகுறிகள். வளர்ந்த குதிரைக்குக் காய்ச்சல் வாராதிருத்தலும் உண்டு; ஆகவே உடல்வெப்பம் மிகவில்லை என்பதனால் தொற்று இல்லை எனத் துணிதல் தவறு. இன்னும் ஒரு மயக்கம் இதனினும் கொடியது. காயம் திறந்திருந்து உள்நீர் வெளியே வடிந்துகொண்டிருப்பின், உள்ளே அழுத்தம் குறைதலின் நோவும் குறையும். குதிரை ஓரளவு நடக்கும். இலாயத்தில் உள்ளார் புண் ஆறிவருகின்றது என மகிழ்வர். சில நாளில் துளை அடைபட, அழுத்தம் மிக, குதிரை திடீரெனக் காலூன்றாது நிற்கும். அதற்குள் குருத்தெலும்பு பெரிதும் கெட்டிருக்கும்.

ஆகலின் மூட்டை அடுத்த காயம் எதுவாயினும் உயவறையைத் தொட்டதோ என்று தேர்ந்து தெளிதல் வேண்டும். மருத்துவர் காயத்துக்கு அப்பாற்பட்ட நல்ல தோலில் மயிர் களைந்து தூய்மை செய்து ஊசியிட்டு உயவுநீரை எடுப்பர். புண்பட்ட தோலின் வழியே ஊசி இட்டால் ஊசியே தொற்றைக் கொண்டு செல்லும். நீரை எடுத்தபின் அவ்வூசி வழியே நுண்ணுயிரற்ற உப்புநீரைச் செலுத்துவர். செலுத்திய நீர் காயத்தின் வழியே வெளிவருமாயின் அறை திறந்துள்ளது என்பது உறுதி.

எடுத்த நீரின் ஆய்வு பெரிதும் பயன்படும். இயல்பான உயவுநீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,000-க்குக் குறைவான வெள்ளணுக்களும், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராமுக்கு மேற்படாத புரதமும் இருக்கும். தொற்றுற்ற நீரில் வெள்ளணுக்கள் 30,000-ஐயும் புரதம் 4 கிராமையும் கடத்தல் இயல்பு. அவ்வணுக்களுள் நியூட்ரோபில் எனப்படுவன பெரும்பான்மை. இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட எண்கள் வருமிடத்து மருத்துவர் ஏனை அறிகுறிகளையும் சேர்த்து நோக்கி முடிவு செய்வர். நுண்ணுயிரை வளர்த்துக் காணும் சோதனையில் ஒன்றும் வளராதிருத்தலும் உண்டு. வளரவில்லை என்பதனால் தொற்று இல்லை என்பது பெறப்படாது.

எக்சு கதிர்ப் படம் எலும்பு முறிவையும், உட்புகுந்த பொருளையும், மூட்டினுள் நுழைந்த காற்றையும் காட்டும். எலும்பில் பரவிய தொற்றைக் காட்டுதற்கோ அதற்குச் சில நாள் செல்லும். ஆகவே முதல் நாட் படம் நன்றாயிருத்தல் காப்புறுதி ஆகாது. குளம்பில் ஆணி ஏறியவிடத்து, இயலுமாயின் ஆணியைப் பிடுங்காமலே படம் எடுத்தல் நன்று. ஆணி சென்ற திசையும் ஆழமும் அப்படத்தில் தெளிவாகும். பிடுங்கியபின் குளம்பின் துளை மூடிக்கொள்ளுதலின் வழி மறைந்துவிடும். அதுகாறும் குதிரை அவ்வாணியை மேலும் அழுத்தாதவாறு குளம்பைச் சுற்றி மெத்தென்ற கட்டு இடுதல் வேண்டும்.

5. மருத்துவ முறை

திருக்குறள் மருந்து அதிகாரத்தின் ஈற்றில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்வான் என நான்காகப் பகுத்துள்ளார். அதற்கு முன்னைய குறளில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவன் நோக்கல் வேண்டும் என்றார். வாய் பேசாத விலங்கின் மருத்துவத்திற்கும் இப்பகுப்பு நன்கு பொருந்துதலை மேல்வருவன காட்டும்.

முதற்பணி கழுவுதலும் களைதலும் ஆகும். மருந்தை மட்டும் கொடுத்துப் பொறுத்திருத்தல் இந்நோயில் போதாது. நுண்ணுயிர், சிதைந்த அணு, நொதி, பைபிரின் கட்டி ஆகிய அனைத்தும் அறையிலிருந்து வெளியேறுதல் வேண்டும். எளிய முறையில், அறையின் ஒருபுறத்தில் அகன்ற ஊசி ஒன்றை இட்டு, மறுபுறத்தில் வேறொன்றை இட்டு, உடல்நீரை ஒத்த உப்புநீரைப் பல லிட்டர் அளவு செலுத்தி ஓடவிடுவர். இதனினும் சிறந்தது மூட்டுநோக்கியைக் கொண்டு செய்யும் அறுவை. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அக்குழல் சிறு துளை வழியே உட்சென்று அறையின் உட்புறத்தைத் திரையில் காட்டும். நீரோட்டம் அடித்துச் செல்லாத கட்டிகளையும், உள்ளே தங்கிய மயிர், மண், மரச்சிம்பு ஆகியவற்றையும் கண்ணாற் கண்டு களையலாம். குருத்தெலும்பின் நிலையையும் நாணின் நிலையையும் நேரே அறிதலால் பின்வரு பயனை முன்னறிந்து கூறவும் இயலும்.

இங்கிலாந்தில் இம்முறையால் அறுவை செய்யப்பட்ட 121 குதிரைகளைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றுள் 90 விழுக்காடு உயிர்பிழைத்தன. 81 விழுக்காடு முன்பு செய்த பணிக்கு மீண்டன. குளம்பினுள் உள்ள உயவுப்பை தொற்றுற்றவிடத்து முற்காலத்தில் குளம்பின் அடியைத் தோண்டி, நாணிலும் ஒரு வாயில் வெட்டித் திறப்பர். இன்று அதனையும் மூட்டுநோக்கியின் துணையால் மேலிருந்து அணுகுகின்றனர். கழுவும் நீரைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தோலின் மேல் பூசத்தக்க நச்சுக்கொல்லிகளை மூட்டினுள் ஊற்றினால் உயவுச்சவ்வும் குருத்தெலும்பும் ஊறுபடும். தூய உப்புநீரே தக்கது.

இரண்டாம் பணி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டதும், பின்வந்த ஆண்டுகளில் அஃது உலகெங்கும் பரவியதும் இத்துறையைப் பெரிதும் மாற்றின. பலவகை நுண்ணுயிர் கலந்திருத்தல் கூடுமாகலின், வளர்ந்த குதிரைக்குப் பெனிசிலினையும் செண்டாமைசினையும் சேர்த்துத் தொடங்குதல் பெருவழக்கு. குருதியில் செல்லும் மருந்து நோயுற்ற மூட்டினுள் போதிய அளவு சேராமை உண்டு. அளவைக் கூட்டினாலோ சிறுநீரகம் கெடும். இவ்விடரை நீக்க ஒரு வழி கண்டனர். நோயுற்ற இடத்துக்கு மேலே காலை இறுகக் கட்டிக் குருதியோட்டத்தைத் தடுத்து, கட்டுக்குக் கீழுள்ள சிரையில் அமிக்காசின் முதலிய மருந்தைச் செலுத்தி, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் வைத்திருந்து பின் கட்டை அவிழ்ப்பர். மருந்து அவ்விடத்திலேயே செறிந்து மூட்டினுள் ஊறும். உடலின் ஏனைய பகுதி காக்கப்படும். மூட்டினுள் நேரே மருந்திடுதலும் உண்டு.

மூன்றாம் பணி நோவு தணித்தல். இஃது இரக்கத்தின்பாற் பட்டது மட்டும் அன்று. ஒரு காலை ஊன்றாத குதிரை தன் எடையை எதிர்க்காலில் சுமத்தும். பல நாள் இங்ஙனம் நிற்பின் நல்ல காலின் குளம்பினுள் எலும்பையும் குளம்பையும் பிணைக்கும் படலம் அழற்சியுற்றுப் பிரியும். குளம்பழற்சி எனப்படும் அந்நோயால், மூட்டு தேறியும் குதிரை மடிதல் உண்டு. ஆகலின் பினைல்பியூட்டசோன் முதலிய மருந்துகளால் நோவைத் தணித்தல் மருத்துவத்தின் இன்றியமையாக் கூறாகும். அம்மருந்தின் பயனால் நொண்டல் குறைந்ததோ, நோய் தீர்ந்ததனால் குறைந்ததோ என்பதனைப் பகுத்தறிதல் மருத்துவர் கடன். குதிரை இரணசன்னிக்கு மிக எளிதில் ஆட்படும் விலங்காதலின் அதற்குரிய தடுப்பும் உடன் செய்யப்படும்.

நான்காவது உடனிருப்பான் பணி. பழந்தமிழர் வாதுவன் என்று பெயரிட்ட குதிரைப் பாகனே ஈண்டு அவன். கட்டு நனையாமலும் நழுவாமலும் காத்தல், எதிர்க்காலின் குளம்பில் வெப்பம் மிகுகின்றதா என நாள்தோறும் தொட்டுப் பார்த்தல், தீனி குறைதலை உடனே அறிவித்தல் ஆகியன அவன் கையில் உள்ளன. நாணுறை நோயில் அவன் பொறுப்பு இன்னும் மிகும். தொற்று அடங்கியபின் குதிரையை நெடுநாள் அசையாது நிறுத்தின் நாணும் உறையும் ஒட்டிக்கொள்ளும். அளவின்றி நடத்தினாலோ காயம் பிரியும். மருத்துவர் குறித்த நாளில் குறித்த நிமிடம் கையிற் பிடித்து நடத்துதலே நடுவழி.

இத்துணை செய்தும் தீராத நிலை உண்டு. எலும்பில் தொற்று வேரூன்றியவழியும், நாண் அற்றவழியும், நோவு எம்மருந்துக்கும் அடங்காதவழியும் அவ்விலங்கைத் துன்பமின்றி உயிர்நீங்கச் செய்தலையே மருத்துவர் அறிவுறுத்துவர். அம்முடிவின் கொடுமையை உன்னும்போதுதான் முதல் நாளின் அருமை புலப்படும்.

6. குட்டிகளின் நிலை

மனிதக் குழவி தாயின் கருப்பையிலேயே நோயெதிர்ப் பொருள்களைப் பெறுகின்றது. குதிரைக்குட்டிக்கு அப்பேறு இல்லை. அது பிறந்தபின் உண்ணும் சீம்பாலினாலேயே அவற்றைப் பெறும். அவற்றைக் குடல் வழியே ஏற்கும் ஆற்றல் பிறந்த முதற் சில மணி நேரத்தில் மிக்கிருந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒழிந்துவிடும். சீம்பால் போதிய அளவு பெறாத குட்டிக்குக் கொப்பூழ் வழியாகவோ குடல் வழியாகவோ நுண்ணுயிர் குருதியிற் புகுந்து பல மூட்டுகளில் ஒருங்கே தங்கும். குட்டியின் வளர்எலும்பு முனைகளிலும் அது தங்குதல் உண்டு.

நொண்டும் குட்டியைக் கண்டால், தாய் மிதித்துவிட்டது என்று கூறி வாளாவிருத்தல் பல நாட்டுக் குதிரைப் பண்ணைகளிலும் காணப்படும் பிழை. குட்டி நொண்டினால், வேறு காரணம் மெய்ப்பிக்கப்படும் வரை தொற்று என்றே கொள்ளுதல் வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. மூட்டைக் கழுவுதலோடு, குருதியில் பரவிய நோய்க்கும் மருத்துவம் செய்தாலன்றிக் குட்டி பிழையாது.

7. சொல்லும் உயிரும்

இனி இந்நோய்க்குப் பெயரிடுதலைப் பற்றிச் சில கூறுவோம். மூட்டுவாதம், மூட்டுவலி, மூட்டழற்சி, மூட்டுச்சீழ் என்னும் சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கக் காண்கின்றோம். இவை தம்முள் வேறானவை. வலி என்பது குறி, நோய் அன்று. அழற்சி என்பது பொது. தேய்வினாலும் அடியினாலும் தொற்றினாலும் வரும். தொற்றில்லா மூட்டழற்சிக்கு மருத்துவர் சிலபோது கார்ட்டிகோசுடீராய்டு வகை மருந்தை மூட்டினுள் செலுத்துவர். அதே மருந்து தொற்றுற்ற மூட்டினுள் சென்றால் உடலின் எதிர்ப்பை அடக்கி நுண்ணுயிர்க்குத் துணை செய்யும். பொதுச்சொல்லைச் சிறப்புச்சொல்லின் இடத்தில் ஆளுதலால் விளையும் கேடு இலக்கணப் பிழையளவில் நில்லாது.

அற்றேல், மூட்டுச்சீழ் என்பது பொருந்தாதோ எனின், பொருந்தாது என்க. என்னை? சீழ் என்ற அளவில் கேட்போர் மனத்தில் மஞ்சளாகத் திரண்டு வடியும் பொருள் தோன்றும். இந்நோயின் தொடக்கத்தில் உயவுநீர் சற்றுக் கலங்கியோ செந்நிறம் கலந்தோ பசைத்தன்மை குன்றியோ இருக்குமேயன்றி அங்ஙனம் திரண்டிராது. சீழ் வருகின்றதா என்று காத்திருப்பவன் மருத்துவத்துக்கு உரிய காலத்தைக் காத்திருந்தே இழப்பான். ஆகவே காரணம் பற்றி வந்த மூட்டுத் தொற்று, நாணுறைத் தொற்று என்னும் பெயர்களையே யாம் கொண்டோம். மாசுற்ற மூட்டு, தொற்றுற்ற மூட்டு என இரு நிலைகளையும் வேறு பிரித்து வழங்குதலும் நன்று. முன்னதைப் பின்னதாகாமல் காத்தலே மருத்துவத்தின் நோக்கமாதலின்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. தமிழ்நாட்டுக்கெனக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்தது. அத்துறையினர் கொண்ட அறிவு பாகனுக்கும் பண்ணையாளர்க்கும் அவர்தம் மொழியில் சென்று சேர்தல் வேண்டும். அதற்குத் துறையறிஞரும் தமிழறிஞரும் கூடிச் சொற்களை ஆராய்ந்து வரையறுத்தல் இன்றியமையாதது. பொருளை அறியாது சொல்லாக்கம் செய்தலும், சொல்லை ஆராயாது பொருளைப் பெயர்த்து எழுதுதலும் ஒருங்கே குறையுடையன.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்பட்டன இவை. குதிரையின் கீழ்க்காலில் தசை இன்மையின் சிறு காயமும் உயவறையை எட்டும். எட்டிய தொற்று, குருத்தெலும்பையும் நாணையும் மீளாதவாறு கெடுக்கும். உயவுநீரை எடுத்து ஆராய்தல் நோயைத் தெளிவிக்கும். கழுவிக் களைதல், இடத்திற் செறியும் மருந்து, நோவு தணித்தல், பாகனின் பேணல் ஆகிய நான்கும் கூடியவழியே குதிரை தேறும். குட்டிக்குச் சீம்பாலே முதற் காப்பு.

இவை அனைத்திற்கும் முன் நிற்பது காலம். மூட்டருகே தோன்றிய புண்ணின் அளவை நோக்காமல் அதன் இடத்தை நோக்கி, அன்றே மருத்துவரை அழைக்கும் பாகன் குதிரையின் உயிரைப் பெரும்பாலும் காத்தவனாவான். அவன் அங்ஙனம் செய்தற்கு வேண்டிய அறிவை அவனுக்கு விளங்கும் சொல்லில் வழங்குதல் நம்மனோர் கடனாகும்.